ட்ரான்சம் அழுகிய பழைய படகு: பிளைவுட்டா, கூசாவா, ஊற்றும் கலவையா?

1975க்கும் 1990க்கும் இடையில் கட்டிய ஃபைபர் கிளாஸ் படகு, 16 முதல் 19 அடி, பின்னால் ஒரு அவுட்போர்டு மோட்டார். வட அமெரிக்காவில் ஏரிப்பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்த மாதிரிப் படகு ரொம்ப மலிவாகக் கிடைக்கும், சில நேரம் ட்ரெய்லரோடு சேர்த்து இலவசமாகவே கிடைக்கும். ஓடு உறுதியாக இருக்கும், பாலிஷ் போட்டால் பளபளக்கும். ஆனால் மோட்டாரைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பகுதியில் உங்கள் எடையைக் கொடுத்து அமுக்கினால் படகின் பின்சுவரும் கூடவே வளைந்து கொடுக்கும். அந்தப் பின்சுவர்தான் ட்ரான்சம். மோட்டாரின் மொத்தத் தள்ளுவிசையும் அதில்தான் இறங்குகிறது. அது அசைகிற படகைத் தண்ணீரில் இறக்கவே கூடாது.

கேள்வி இதுதான்: வீட்டிலேயே மாற்றுவது என்று முடிவு செய்தாகிவிட்டது, எந்த வழியில் மாற்றுவது? இதைப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் உள்ளே வைக்கிற பொருளைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். மரம் வைத்தால் மறுபடி அழுகும், கூசா என்கிற ஃபோம் பலகையை வை என்பார் ஒருவர், உள்ளே ஊற்றி இறுக வைக்கிற ரெசின் கலவைதான் சுலபம் என்பார் இன்னொருவர். என் கருத்து வேறு. முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தப் பக்கத்திலிருந்து திறக்கப் போகிறீர்கள் என்பது. அது முடிவானால் பொருள் பாதி தானாகவே முடிவாகிவிடும். மீதிப் பாதியைப் பட்ஜெட் முடிவு செய்யும்.

அதற்கு முன்னால் அழுகியது உண்மைதானா, எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், கெட்ட இடம் தொம்மென்று அமுங்கிக் கேட்கும். அது ஒரு குறிப்பு மட்டும்தான். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் படகின் உட்பக்கத்திலிருந்து, ட்ரான்சத்தின் அடியில், தண்ணீர் வடியும் ஓட்டைக்கு ஓரடி இந்தப் பக்கம், ஓரடி அந்தப் பக்கம், மேலே மோட்டார் போல்ட்டுகளுக்குக் கீழே என்று கால் அங்குல ட்ரில்லால் துளை போடுங்கள், படகின் வெளிச்சுவரைத் துளைத்துவிடாமல். வெளியே வருகிற தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல பிளைவுட் என்றால் வெளுத்த நிறத்தில், காய்ந்த சுருள் சுருளாக வரும், மர வாசனை அடிக்கும். கெட்டது என்றால் காப்பிப்பொடி நிறத்தில் பிசுபிசுவென்று ட்ரில் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு வரும், விரலால் அழுத்தினால் தண்ணீர் கசியும், சாக்கடை வாடை வீசும். மேலே காய்ந்த சுருள், அடியில் கறுப்புச் சகதி என்று வந்தாலும் முழுவதையும்தான் மாற்ற வேண்டும். கீழ்ப் பாதியை மட்டும் மாற்றி ஒட்டுப் போடுவது மோட்டார் தாங்குகிற பலகைக்கு ஒத்துவராது.

துளை வழியாக நீர்த்த எபாக்ஸியை (இறுகிக் கெட்டியாகிற ஒரு ரெசின்) ஊசியால் ஏற்றினால் போதும் என்று விற்கிறார்கள். ஈரமான மரத்துக்குள் எபாக்ஸி போகாது, காய வைக்கலாம் என்றால் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பலகை லேசில் காயாது. வெளியே அலுமினியத் தகடு வைத்து இறுக்குவதும் அப்படித்தான், அழுகலை மூடி வைக்கிற வேலை. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

ஏன் அழுகியது என்பதையும் தெரிந்துகொண்டால்தான் பொருள் பற்றிய பயம் தெளியும். ட்ரான்சம் என்பது உள்ளே ஒரு ஃபைபர் தோல், வெளியே ஒரு ஃபைபர் தோல், நடுவில் சுமார் ஒன்றரை அங்குலப் பிளைவுட். தோல் வழியாகத் தண்ணீர் போவதில்லை. ஏணிக்குப் போட்ட ஸ்க்ரூ, மீன் காட்டும் கருவியின் சென்சாருக்குப் போட்ட ஸ்க்ரூ, வடிகால் ஓட்டையில் செருகிய பித்தளைக் குழாய், மோட்டார் போல்ட்டுகள், இவை வழியாகத்தான் போகிறது. இந்தத் துளைகளில் பெரும்பாலானவற்றில் மரம் பூச்சு எதுவும் இல்லாமல் அப்படியே திறந்து கிடக்கும், மேலே கொஞ்சம் சிலிகான் அப்பியிருப்பார்கள், அவ்வளவுதான். பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், இந்த ஓட்டைகள் இரண்டையும் கொடுக்கின்றன. இத்தனைக்கும் பல படகுகளில் அந்த மரம் இருபது முப்பது வருஷம் தாங்கியிருக்கிறது. அதனால் "மரம் வைத்தால் அழுகும்" என்பதை அப்படியே ஏற்க மாட்டேன். துளையை அடைக்காமல் விட்டால் மரம் அழுகும்.

சரி, திறக்கும் வழிக்கு வருவோம்.

உள்ளிருந்து திறப்பது. மோட்டாரை இறக்கி, பின்பக்க மேல்மூடியைக் கழற்றி அல்லது வெட்டி எடுத்து, தரையையும் ட்ரான்சத்திலிருந்து இரண்டடியாவது வெட்டித் திறக்க வேண்டும். வட்ட ரம்பத்தின் ஆழத்தை உள் தோலின் கனத்துக்கு மட்டும் வைத்து ஓரமெல்லாம் வெட்டி, தோலைப் பெயர்த்து, பழைய பிளைவுட்டை உளியாலும் கிரைண்டராலும் வெளித்தோல் தெரிகிறவரை எடுக்க வேண்டும். இதைத் தொடங்குவதற்கு முன்னாலேயே வெளித்தோலுக்கு வெளியில் இரண்டு மூன்று கட்டைகளை முட்டுக்கொடுத்து வைத்துவிடுங்கள். மரம் போய்விட்டால் அந்தத் தோல் தனியாக நிற்காது, லேசாக உப்பிக்கொள்ளும், அப்புறம் புதுப் பலகையும் அந்த வளைவிலேயே ஒட்டிவிடும். இந்த வழியின் பெரிய லாபம், வெளியில் இருக்கிற ஜெல்கோட் என்கிற பளபளப்பு மேற்பூச்சும் கோடுகளும் பெயரும் அப்படியே தப்பிக்கும், உள்ளே நீங்கள் செய்கிற ஃபைபர் வேலை கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் யார் கண்ணிலும் படாது. இன்னொரு லாபம், தரையைத் திறந்ததால் அடியில் நீளவாக்கில் ஓடுகிற தாங்குகட்டைகளான ஸ்ட்ரிங்கர்களும் மிதப்பு ஃபோமும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ட்ரான்சம் அழுகிய படகில் ஸ்ட்ரிங்கரின் பின்முனையும் பல நேரம் அழுகியிருக்கும், அதைப் பார்க்காமல் மூடுவது அரைகுறை வேலை. நஷ்டம் என்ன? நீங்கள் படகுக்குள்ளேயே குனிந்து நின்று வாரக்கணக்கில் கிரைண்டர் பிடிக்க வேண்டும். அந்தக் கண்ணாடித் தூள் முகமூடி, முழு உடை, கண்ணாடி எல்லாவற்றையும் மீறி எங்கேயாவது அரிக்கும்.

வெளியிலிருந்து திறப்பது. வெளித்தோலை ஓரத்தில் இரண்டு அங்குல விளிம்பு விட்டு வெட்டி எடுத்து, உள்ளே இருக்கிற மரத்தை எடுத்துவிட்டுப் புதுசை ஒட்டி, தோலை மறுபடி மூடுவது. நின்றுகொண்டே வேலை பார்க்கலாம், மேல்மூடியைத் தொட வேண்டாம், உள்ளே தரையை உடைக்க வேண்டாம். போஸ்டன் வேலர் மாதிரி உள் ஓடும் வெளி ஓடும் ஒன்றாக வார்க்கப்பட்டு நடுவில் ஃபோம் நிரம்பிய படகுகளுக்கு இதுதான் வழி, அதில் உள்ளிருந்து திறந்தால் படகின் அழகான உள் ஓடு முழுவதையுமே கிழிக்கிற மாதிரி ஆகிவிடும். ஆனால் இதில் வெட்டிய இடம் முழுவதும் வெளியில் தெரிகிற இடம். வெட்டிய விளிம்பை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் தேய்த்து, அதன்மேல் ஃபைபர் அடுக்கி, பட்டி போட்டு, சமதளமாக்கி, கடைசியில் முழு ட்ரான்சத்துக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். பட்டி தேய்த்துச் சமன் செய்வதில் பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. அந்தப் பொறுமை இல்லாதவர் செய்த ட்ரான்சம் வெயிலில் அலை அலையாகத் தெரியும். ஸ்ட்ரிங்கரின் நிலைமை இதில் முழுதாகத் தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய குறை.

மேலிருந்து திறப்பது. ட்ரான்சத்தின் மேல் விளிம்பை மட்டும் வெட்டி, இரண்டு தோலுக்கும் நடுவில் இருக்கிற மரத்தைச் சங்கிலி ரம்பத்தாலும் நீள உளியாலும் தோண்டி எடுத்து, காய வைத்து, சீகாஸ்ட் மாதிரி ஊற்றும் ரெசின் கலவையை உள்ளே நிரப்புவது. ஒரே நாளில் ஊற்றி முடிக்கலாம், தோல் இரண்டும் தப்பிக்கும், ஃபைபர் அடுக்கும் வேலையே கிட்டத்தட்ட இல்லை. இதைப் படிக்கிற யாருக்கும் இதுதான் வேண்டும் என்று தோன்றும், நியாயம்தான். ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. தோண்டுவது மேலிருந்து, கண்ணுக்குத் தெரியாமல். கடைசியாகத் தோண்ட வேண்டிய இடம் அடிமூலைகள், அங்கேதான் அழுகலும் அதிகம். ஓரத்தில் ஒரு சாண் ஈர மரம் விட்டுப்போனாலும் கலவை அங்கே தோலைப் பிடிக்காது, அதை நீங்கள் பார்க்கவும் முடியாது. இரண்டாவது, ஊற்றியதும் திரவத்தின் கனத்தில் இரண்டு தோலும் வெளிப்பக்கம் தள்ளும், அதனால் இரு பக்கமும் கட்டை வைத்து இறுக்கியிருக்க வேண்டும், இறுகும்போது சூடும் ஏறும். சின்னப் படகு, தோல் இரண்டும் தடியாக இருக்கிறது, ஸ்ட்ரிங்கர் நன்றாக இருக்கிறதென்று வேறு வழியில் உறுதி செய்தாகிவிட்டது என்றால் ஊற்றுங்கள். ஸ்ட்ரிங்கர் பற்றிச் சந்தேகம் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

உள்ளேயிருந்தோ வெளியேயிருந்தோ திறக்கிறீர்கள் என்றால் பலகை வைக்க வேண்டும், பிளைவுட்டா கூசாவா என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. கூசா என்பது கண்ணாடி இழை கலந்த பாலியுரித்தேன் ஃபோம் பலகை. அழுகாது, தண்ணீர் குடிக்காது, பிளைவுட்டைவிட நன்றாகவே இலகுவானது. அதில் பல அடர்த்தி உண்டு, ட்ரான்சத்துக்கு அடர்த்தி கூடியதைத்தான் வாங்க வேண்டும், இலகுவானதை வைத்தால் மோட்டார் போல்ட்டை இறுக்கும்போதே அமுங்கும். ஒரு தாள் பல நூறு டாலர், அனுப்பும் செலவு தனி. அதோடு, அதே கனத்தில் அது நல்ல பிளைவுட் அளவுக்கு விறைப்பானதல்ல, அதன் பலம் மேலே நீங்கள் அடுக்குகிற ஃபைபரில்தான் இருக்கிறது, ஆகவே ஃபைபர் அடுக்கில் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

பிளைவுட் என்றால் பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரமுள்ள மரைன் பிளைவுட், 18 மி.மீ. தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் வந்துவிடும். கிடைக்காவிட்டால் வெளிப்புற உபயோகத்துக்கான ஃபர் மரப் பிளைவுட் வாங்கலாம், இரண்டிலும் பசை நீர்புகாத பசைதான், வித்தியாசம் உள் அடுக்குகளில் இருக்கிற இடைவெளி. அடுக்கின் ஓரத்தைப் பார்த்து ஓட்டை இல்லாத தாளாகப் பொறுக்கி எடுங்கள். மருந்து ஏற்றிய பச்சை நிறப் பலகை வேண்டாம். கடையில் வாங்கும்போதே ஈரமாக இருக்கும், காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும், ஈரத்தில் ரெசின் சரியாகப் பிடிக்காது.

என் தேர்வு, பெரும்பாலான 16 முதல் 19 அடிப் படகுகளுக்கு, உள்ளிருந்து திறந்து மரைன் பிளைவுட்டும் எபாக்ஸியும். கூசாவுக்குக் கொடுக்கிற அதிகப்படிப் பணத்தை நல்ல எபாக்ஸிக்கும் ஃபைபர் துணிக்கும் செலவழித்தால் படகு அதைவிட நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். வருஷம் முழுவதும் படகைத் தண்ணீரிலேயே கட்டிப்போடப் போகிறீர்கள், அல்லது படகை உங்கள் பிள்ளைகள் காலம்வரை வைத்திருக்கும் எண்ணம் என்றால் கூசா வாங்குங்கள், அதில் தப்பே இல்லை.

ரெசின் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் இங்கே எடுக்கிற முடிவைப் பிறகு மாற்ற முடியாது. படகு முதலில் கட்டப்பட்டது பாலியெஸ்டரில். அது மலிவு, ஹார்டனரை ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் கலந்தால் சீக்கிரம் இறுகும், அதன்மேல் ஜெல்கோட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பழைய, இறுகிப்போன ஓட்டின்மேல் அது தேய்த்த சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது, மரத்தின்மேலும் பிடிப்பு சுமார்தான். எபாக்ஸியின் பிடிப்பு இரண்டின்மேலும் பல மடங்கு நம்பகமானது, மரத்தின் ஓரங்களை அடைப்பதிலும் அதுதான் கெட்டி. விலையும் கூட, கலவை விகிதம் தவறவே கூடாது, கையில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் போகாது, ஆகவே கையுறை இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். எபாக்ஸி பாலியெஸ்டரின்மேல் பிடிக்கும், பாலியெஸ்டர் எபாக்ஸியின்மேல் சரியாகப் பிடிக்காது. ஒரு தடவை எபாக்ஸி போட்ட இடத்தில் கடைசிவரை எபாக்ஸிதான், மேலே பெயின்ட்தான். வெளியிலிருந்து திறந்து, மேலே ஜெல்கோட்தான் வேண்டும் என்பவர்கள் இதனாலேயே வினைல் எஸ்டர் என்ற இன்னொரு ரெசின் பக்கம் போகிறார்கள்.

துணி வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள். நறுக்கிய இழைகளைப் பரப்பி ஒட்டிய சாதாரண நறுக்கு மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைகிற பசை, ஸ்டைரீன் இருக்கிற பாலியெஸ்டரில் கரையும், எபாக்ஸியில் கரையாது, துணி விறைத்துக்கொண்டு மூலையில் படியாமல் நிற்கும். எபாக்ஸிக்கு 1708 மாதிரி, இழைகள் இரண்டு திசையில் ஓடும்படி தைத்த பையாக்ஸியல் துணி வாங்குங்கள். ஒன்டாரியோ மாதிரி இடங்களில் வெப்பநிலையும் முடிவைத் தீர்மானிக்கும். 15 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ஹார்டனர் சுணங்கும், அதனால் கிரைண்டர் வேலையை ஏப்ரலிலேயே முடித்துவிட்டு ஒட்டும் வேலையைக் கோடையில் வைத்துக்கொள்வது உத்தமம்.

ஒட்டும் நாளில் என்ன நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பார்த்தால்தான் இந்த வழி உங்களால் ஆகுமா என்று தெரியும். பலகையின் இரண்டு பக்கமும், முக்கியமாக வெட்டிய ஓரங்களில், எபாக்ஸியை உறிஞ்சுவது நிற்கும்வரை தடவ வேண்டும், ஓரம் மூன்று தடவைகூடக் குடிக்கும். அப்புறம் எபாக்ஸியில் சிலிகா தூளைக் கலந்து வடை மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, வெளித்தோலின் உட்பக்கம் முழுவதும் பல் வைத்த கரண்டியால் பரப்பி, பலகையை வைத்து, கட்டையும் கிளாம்ப்பும் போட்டு மெதுவாக இறுக்க வேண்டும். நான்கு ஓரத்திலும் கலவை ஒரே சீராகப் பிதுங்கி வர வேண்டும். ஓரிடத்தில் பிதுங்கவில்லை என்றால் அங்கே உள்ளே காற்று இருக்கிறது, உடனே பிரித்து மறுபடி வைக்க வேண்டும், இறுகியபிறகு ஒன்றும் செய்ய முடியாது. பிதுங்கியதை வழித்து மூலைகளில் வளைவாகப் பூசிவிட்டு, மேலே மூன்று அடுக்குத் துணி, ஒவ்வொரு அடுக்கும் பக்கச் சுவர்மேல் முந்தினதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக ஏறும்படி. இன்னும் ஒரு ஆள் கூட இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

மோட்டார் உள்ளே, கால் வெளியே என்று இருக்கிற ஸ்டெர்ன்டிரைவ் படகு என்றால் கனம்தான் தலையாய விஷயம். மெர்க்ரூசர் வகைக்கு ட்ரான்சம் 2 முதல் 2¼ அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், உள் பக்கமும் வெளிப்பக்கமும் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் விலகாமல் இணையாக இருக்க வேண்டும். அதில் ஊற்றும் கலவையை நான் யோசிக்கவே மாட்டேன்.

ஃபோம் பற்றி ஒரு வார்த்தை. தரையைத் திறந்தால் அடியில் நனைந்த ஃபோம் இருக்கும், அதைத் தோண்டி எறிந்துவிட்டு வெறுமையாக மூடுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு கன அடி ஃபோம் முழுக்க ஊறினால் 28 கிலோவுக்குப் பக்கமாகத் தண்ணீர், எறிவது சரிதான். ஆனால் அந்த ஃபோம் படகு கவிழ்ந்தால் மூழ்காமல் இருக்க வைத்தது, 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்காவில் 1970களிலேயே விதியாக்கினார்கள். புது ஃபோம் போட்டுத்தான் மூட வேண்டும்.

கடைசியில் துளைகள். முன்னால் சொன்ன அழுகலின் வழி இதுதான், இங்கே சிக்கனம் பார்த்தால் கூசா தவிர எதுவும் நிலைக்காது, கூசாவிலும் தோல் உரியும். ஒவ்வொரு துளையையும் தேவைக்கு மேல் கால் அங்குலம் பெரிதாகப் போட்டு, ஒரு பக்கம் டேப் ஒட்டி, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். போல்ட் எபாக்ஸியைத் தொடும், மரத்தைத் தொடாது. தண்ணீர் வடியும் ஓட்டைக்கும் அப்படியே. சிலிகானைத் தூரப் போட்டுவிட்டு கப்பலுக்கான பாலியுரித்தேன் சீலன்ட் வைத்துப் பூட்டுங்கள், கழற்ற வேண்டிவரும் இடங்களில் 3எம் நிறுவனத்தின் 4200 போதும், அதைவிடக் கெட்டியான 5200ஐ வைத்தால் கழற்றும்போது ஃபைபரோடு சேர்ந்துதான் வரும். சென்சார் போன்ற சின்னச் சாமான்களுக்குத் தனித்தனி ஸ்க்ரூ போடாமல், ஒரு பிளாஸ்டிக் பலகையை ட்ரான்சத்தில் எபாக்ஸியால் ஒட்டி, எல்லாவற்றையும் அதில் திருகிவிடலாம்.

பழைய டூ-ஸ்ட்ரோக்கை மாற்றிப் புது ஃபோர்-ஸ்ட்ரோக் மாட்டப் போகிறவர்கள் படகு எவ்வளவு தாங்கும் என்று சொல்லி ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். அதே குதிரைத்திறனுக்குப் புது மோட்டார் பல நேரம் 20, 30 கிலோ கூடுதல் கனம், பலகையை எவ்வளவு பலமாக மாற்றினாலும் படகின் பின்பக்க மிதப்பு மாறாது. மோட்டார் போல்ட்டுகளுக்கு உட்பக்கம் வெறும் வாஷர் போதாது, அலுமினியத் தகடு வையுங்கள், முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். லேசாக இறுகினால் சீலன்ட் படிந்த கணக்கு. திருப்பத் திருப்பப் போய்க்கொண்டே இருந்தால் உள்ளே பலகை அமுங்குகிறது, மோட்டாரை இறக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.